லாரியில் வந்த படகு

சமீருல்லாவைப் பற்றி யார் கேட்டாலும் அவர் மனைவி தபஸ்ஸும் அந்த ஒரு சாயங்காலத்திலிருந்துதான் தொடங்குவாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் அன்று வாசலில் நடந்த பேச்சை மட்டும் வரிசை மாறாமல், ஒரு சொல் விடாமல் சொல்வாள்.

கம்பெனி கன்டெய்னரோடு சென்னைத் துறைமுகத்துக்குப் போன கணவர் திரும்பி வருகிற நேரம். தெருமுனையில் ஒரு லாரி திரும்ப முடியாமல் முன்னும் பின்னுமாக உறுமுகிற சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். லாரி நேராக அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து சமீருல்லா இறங்கினார். பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் என்னவோ நீளமாகப் படுத்திருந்தது. ஒரு முனை கூர்மையாக வெளியே எட்டிப் பார்த்தது.

"இன்னாங்க இது?"

"முதல்ல கொஞ்சம் தண்ணி குடு."

"தர்றேன். இது இன்னா?"

"படகு."

"எந்தப் படகு?"

"பாய்மரப் படகு. காத்துல ஓடறது. எஞ்சின் கெடயாது, டீசல் கெடயாது, சத்தமே கெடயாது."

"யாரோடது?"

"நம்மோடது."

இந்த இடத்தில் லாரி டிரைவர் இருமியதையும் அவள் விடாமல் சொல்வாள்.

"பாலாத்துல தண்ணி பாத்து எத்தினி மாசம் ஆச்சு?"

"மழ வரும்ல."

"மழ வந்தா மாடிக்குப் போவோம். படகுல எதுக்குப் போவணும்?"

"அவசியம்னு போறதில்ல. ஒரு ஆசைக்கு."

"ஓட்டத் தெரியுமா உங்களுக்கு?"

"கத்துக்கலாம்."

"நீச்சல்?"

"அதையும்தான்."

"சரி, எங்க வெக்கப் போறீங்க இத்த?"

"அதத்தான் உன்கிட்ட கேக்கலாம்னு வந்தேன்" என்றார் சமீருல்லா.

அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். டிரைவருக்கும் சேர்த்து.

சமீருல்லா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டிஸ்பேச்சில் இருக்கிறார். அட்டைப் பெட்டிகளைக் கன்டெய்னரில் ஏற்றி, கதவைச் சாத்தி, சீல் வைத்து, சில நாட்களில் துறைமுகம் வரைக்கும் கூடவே போய்விட்டு வருவதுதான் அவர் வேலை. அவர் சீல் வைத்த பெட்டிகள் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போயிருக்கின்றன. அவர் துறைமுகத்தின் வாசல் வரைக்கும் போயிருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் கிரேன்களின் தலை மட்டும் தெரியும்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது வேண்டாமென்று ஒதுக்கிப்போட்ட சாமானைப் பார்த்தால் கடந்து வரமாட்டார். வீட்டுக் கூடத்தில் ரயில்வே ஸ்டேஷன் கடிகாரம் ஒன்று தொங்குகிறது. அது ஓடாது. அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு பல் டாக்டர் நாற்காலி இருக்கிறது. அதைக் கொண்டுவந்த அன்றும் தபஸ்ஸும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அதில் சாய்ந்து உட்கார்ந்துதான் பூண்டு உரிக்கிறாள். முதுகுக்கு அதைப்போல் சுகமான இடம் வீட்டில் வேறில்லை. இதை அவரிடம் அவள் ஒப்புக்கொண்டதில்லை.

படகு, கன்டெய்னர் யார்டுக்குப் பக்கத்தில் ஒரு காயலான் கடையில் கிடந்ததாம். மூடிப்போன ஏதோ படகுக் கிளப்பினுடையது. ஒட்டுப்பலகையால் செய்தது, நாலு பேர் தூக்கக்கூடிய அளவு.

"அதும்மேல ஏறி நின்னு வெத்தல போட்டுத் துப்பிக்கினு இருந்தாங்க, தபஸ்ஸு. பாக்கவே பாவமா இருந்துச்சு" என்றார் இரவுச் சாப்பாட்டின்போது.

"அந்தக் கடைல அது ஒண்ணுதான் பாவமா இருந்துச்சா?"

"கடையே பாவமாத்தான் இருந்துச்சு. லாரில இவ்ளோதான் எடம்."

அவள் திரும்பிக்கொண்டு சிரித்தாள். அவரிடம் எப்போதும் இப்படித்தான் தோற்றுப்போவாள்.

படகை வைக்க ஒரே இடம்தான் இருந்தது. அவர்கள் வீட்டுக்கும், சமீருல்லா 'பய்யா' என்று கூப்பிடுகிற அவருடைய அண்ணன் வக்கார் அகமதுவின் வீட்டுக்கும் நடுவிலிருந்த பொது முற்றம். வக்கார் அகமது டேனரிகளுக்கு ரசாயனம் விற்கிற வியாபாரி. வெள்ளை ஜிப்பா கசங்காத மனிதர். தண்ணீரென்றால் அவருக்குப் பயம். ஏலகிரி ஏரியில் பெடல் படகில்கூட ஏறியதில்லை. முற்றத்தில் படகைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த சில மாதங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அதே நாற்காலி, அதே இடம், கையில் டீ.

"நூஹ் நபிக்காவது மேலருந்து உத்தரவு வந்துச்சு. உனக்கு யாருடா சொன்னது?"

"எனக்குப் பக்கத்து வீட்டுலருந்து தொல்ல மட்டும்தான் வருது, பய்யா."

"தொல்லையா? நான் ஜோடி ஜோடியா ஆடு மாடு புடிச்சுத் தரலாம்னு பாத்தேன்."

முதல் சில வாரங்கள் தபஸ்ஸும் படகின் பக்கமே போகவில்லை. ஞாயிறு காலையில் சமீருல்லா பழைய பெயிண்டைச் சுரண்ட உட்காருவார். அவள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பாள். பார்க்கக்கூடாது என்றுதான் நினைப்பாள். ஆனால் அவர் சுரண்டுகிற விதம் அவளை நிம்மதியாக இருக்க விடவில்லை. தேங்காய் திருகுவதுபோல் முன்னும் பின்னும் இழுத்து, பெயிண்டோடு பலகையின் தோலையும் உரித்துக்கொண்டிருந்தார்.

தபஸ்ஸும் வேறொரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்கு சூப்பர்வைசர். ஷூவின் மேல்பாகத்தை, அப்பர் என்பார்கள், தைக்கிற ஒரு வரிசை முழுக்க அவள் பார்வையில் இருந்தது. அரை இழை கோணினாலும் அவள் கண்ணுக்குப் பட்டுவிடும். மோசமான கைவேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவளுக்குப் பல்வலி மாதிரி. நான்காவது ஞாயிறோ ஐந்தாவதோ, அடுப்பை அணைத்துவிட்டு, தோலின் ஓரத்தை மெல்லிசாக்கச் சீவுகிற தன் கத்தியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"நவுருங்க."

கத்தியைப் படுக்கவைத்து, தன்னிடமிருந்து வெளியே தள்ளினாள். நீல பெயிண்ட் ஒரே சுருளாக, ஆப்பிள் தோல் மாதிரி எழுந்து வந்தது. அதற்கடியில் பச்சை, பச்சைக்கடியில் வெள்ளை. அதற்கும் கீழே தேன் நிறத்தில் பலகை.

"அடேங்கப்பா. உள்ள இவ்ளோ அழகா இருந்துச்சா?" என்றார் சமீருல்லா.

"நீங்க இன்னும் ரெண்டு வாரம் சுரண்டி இருந்தா உள்ளன்னு ஒண்ணு இருந்திருக்காது."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் படகுக்கென்று ஆயின. காலையில் சீக்கிரமே சமையலை முடித்துவிடுவாள். அவர் உளுத்துப்போன பலகையை அறுத்தெடுப்பார், அவள் புதுப்பலகைக்கு அட்டையில் அச்சு வெட்டிக் கொடுப்பாள். ஷூவுக்கு அச்சு வெட்டிய கை. வளைந்த இடத்துக்கு வளைந்த பலகை முதல் தடவையிலேயே பொருந்தியது. கண்ணாடி இழைத் துணியை விரித்து அதன்மேல் ரெசின் பூசியபோது தெருவே கதவைச் சாத்தியது. டேனரி வாடையில் பிறந்து வளர்ந்த ஜனம், ரெசின் வாடை தலைவலிக்கிறது என்று புகார் சொன்னது. சமீருல்லா வீடுவீடாகப் போய் மன்னிப்புக் கேட்டு, அப்படியே படகின் கதையையும் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறு முற்றத்தில் கூட்டம்.

சென்னையில் படிக்கிற மகள் முபஷ்ஷிரா, எந்த நாட்டுக்காரர்களோ இங்கிலீஷில் பேசி எடுத்த வீடியோக்களை ஒவ்வொன்றாக அனுப்பினாள். கூடவே அவள் குரலில் விளக்கம் வரும். ஒரு வீடியோவைப் பார்த்ததும் சமீருல்லாவின் முகம் மாறியது. படகின் நடுவில் ஒரு பிளவு வழியாகத் தண்ணீருக்குள் இறங்குகிற பலகை ஒன்று வேண்டுமாம். அது இல்லாவிட்டால் படகு காற்றோடு பக்கவாட்டில் தள்ளிப்போகுமே தவிர, முன்னால் போகாது.

"அப்பிடி ஒரு பலக நம்ம படகோட வரவே இல்லயே, தபஸ்ஸு."

தபஸ்ஸும் உள்ளே போனாள். வீட்டில் தனியாக எடுத்துச் செய்கிற தையல் வேலைக்கு, மடித்த தோலைச் சுத்தியலால் தட்டிப் படியவைக்க அவளுக்கு வாகான பலகை ஒன்று கிடைத்திருந்தது. கனமான, வழவழப்பான பலகை. லாரியிலிருந்து படகை இறக்கிய அன்று தரையில் கிடந்ததை எடுத்து வைத்திருந்தாள். அதைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"இதுவா பாருங்க. நல்ல பலகயாச்சேன்னு எடுத்தேன்."

வக்கார் அகமது டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "குப்ப பொறுக்கறதுல இவன்தான் பெரிய ஆளுன்னு நெனச்சேன். நீயும் கம்மி இல்ல போலயே."

"சேர்க்கை அப்பிடி, மச்சான்" என்றாள் தபஸ்ஸும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில்தான் வக்கார் அகமது அந்தச் செய்தியைச் சொன்னார். அவருடைய மகள் இரமுக்கு நிக்காஹ் முடிவாகியிருந்தது. தை மாதம் நடுவில். பந்தல் போட, தேக்சா என்கிற பெரிய அண்டாக்களை வைத்துச் சமைக்க, முற்றம் முழுக்க வேண்டும்.

"சந்தோஷமா விட்றேன், பய்யா. படகத் தூக்கி எங்கயாவது..."

"எங்கயாவதுன்னா எங்க? உன் கூடத்துல கடியாரம் தொங்குது, அடுப்படில டாக்டர் நாற்காலி. படகத் தலகாணியா வெச்சுப்பியா?" அவர் குரலில் கோபமில்லை. "நான் நேராச் சொல்றேன். நிக்காஹ்வுக்கு முந்தின ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம். அது தண்ணில காத்துல ஓடணும். ஓடலன்னா திங்கக்கெழம காயலான் கடைக்காரன நானே கூப்புடுவேன்."

"ஓடிச்சுன்னா?"

"ஓடிச்சுன்னா நான் அதுல ஏறி உக்காருறேன்."

தண்ணீருக்கு அவர் பயப்படுவது தெரிந்தவர்கள் எல்லோரும் அந்த வாக்கின் கனத்தைப் புரிந்துகொண்டார்கள்.

காவேரிப்பாக்கம் ஏரியில் மீன் பிடிக்கிற தனகோடியைச் சமீருல்லாவுக்கு எப்படியோ பழக்கம். எல்லோரையும் அவருக்கு எப்படியோ பழக்கம்தான். ஒரு ஞாயிறு இருவரும் போய்ப் பார்த்தார்கள். ஏரி நிரம்பி, கரைமேல் நின்றால் எதிர்க்கரை தெரியாத அளவுக்கு விரிந்து கிடந்தது. தனகோடி பரிசலைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து பேசினார்.

"நம்ம கொட்டாய் பக்கத்துல நிறுத்திக்கங்க, எத்தினி வருசம் வேணும்னாலும். ஆனா ஓடற படகா இருக்கணும். ஓடாதத நான் வெச்சிக்கினு இன்னா பண்றது, கோழியா வளக்கறது?"

ஆக, எல்லாம் ஒரு விஷயத்தில் வந்து நின்றது. படகு ஓடினால் அதற்கு ஒரு கரை உண்டு. ஓடாவிட்டால் வந்த வழியே காயலான் கடைக்கு.

பழைய பாய் எலி கடித்துக் கந்தலாகியிருந்தது. புதுப் பாயைத் தானே தைப்பதாகத் தபஸ்ஸும் சொன்னாள். குடைத் துணியைவிடக் கொஞ்சம் தடித்த வெள்ளைத் துணி வாங்கினார்கள். அவள் அதைக் கூடம் முழுக்க விரித்துக் கீறல் போட்டு வெட்டினாள். வீட்டில் அப்பர் தைக்க வைத்திருந்த மெஷினிலேயே உட்கார்ந்தாள். கம்பெனியில் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் வரும்போது அவள் தைத்த சாம்பிளைத்தான் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார்கள். அதே நெருக்கம், அதே நேர்க்கோடு. இரண்டு ஓரமும் சேருகிற இடத்தில் இணைகோடாக இரட்டைத் தையல். மூலைகளில் கயிறு உராய்ந்து அறுக்காமலிருக்க எருமைத்தோலில் ஒட்டு போட்டாள். அடுத்த தெருவில் நாலைந்து மெஷின் வைத்துத் தையல் வேலை எடுக்கிற ஹலீமா பீ வந்து பார்த்துவிட்டு, "கல்யாணத் துப்பட்டா மாதிரி இருக்குதுடி. இத்தப் போயி தண்ணில நனைக்கப் போறீங்களா?" என்றாள். தபஸ்ஸும் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று முழுக்க அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

மார்கழியில் ஒரு ஞாயிறு, குட்டி யானை வண்டியில் படகை ஏற்றி, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த முனையில் சிவப்புத் துணி கட்டி, ஏரிக்குக் கொண்டுபோனார்கள். கடுகு மஞ்சள் நிறத்தில் படகு நெடுஞ்சாலையில் போனபோது பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீரில் இறக்கினார்கள். மிதந்தது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. சமீருல்லா சுக்கானைப் பிடித்துக்கொள்ள, தபஸ்ஸும் கயிற்றை இழுத்தாள். பாய் மேலே ஏறியது. வாடைக்காற்று ஒரு வீச்சு வந்து பாயை உப்பவைத்தது. படகு சில அடி முன்னால் போனது. சமீருல்லா கரையிலிருந்த தனகோடியிடம் ஏதோ சொல்லத் திரும்பினார்.

சத்தம் கேட்டது. சினிமா டிக்கெட்டைக் கிழிப்பதுபோல் ஒரே சீரான சத்தம். பாய் மேலிருந்து கீழ்வரை, தைத்த கோட்டிலேயே, கத்தி வைத்து அறுத்த மாதிரி இரண்டாகப் பிரிந்து தொங்கியது.

தனகோடி பரிசலில் வந்து கயிறு கட்டி இழுத்துப்போனார். கரையில் யாரோ எடுத்த வீடியோ, அவர்கள் ராணிப்பேட்டை தாண்டுவதற்குள் ஆம்பூர் போய்ச் சேர்ந்துவிட்டது.

"காத்து ஜாஸ்தி இன்னிக்கு" என்றார் சமீருல்லா வண்டியில். கொஞ்ச தூரம் போனதும், "துணியும் சுமார்தான்" என்றார். வீடு வந்து சேர்ந்ததும் அவர் உருதுவுக்கு மாறிவிட்டார். மேல்விஷாரத்தில் தமிழ் பேசுகிற வீட்டிலிருந்து வந்தவள் தபஸ்ஸும்; சண்டையும் சமாதானமும் அந்த வீட்டில் தமிழில்தான் நடக்கும். அவர் உருதுவுக்குப் போனால் மனசு உடைந்திருக்கிறார் என்று அர்த்தம். போதும், என்றார். நிக்காஹ் வீட்டில் இடைஞ்சலாக எதற்கு, பய்யாவிடம் சொல்லிவிடுகிறேன், கொண்டுபோகட்டும், என்றார்.

அவள் கிழிந்த பாயை எடுத்துக்கொண்டு பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கிழிசலின் ஓரத்தை விரலால் தடவினாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். பிடித்ததும் புரிந்துவிட்டது.

தோல் தைக்கிற ஊசியின் முனை கூர்மையாகக் குத்துவது மட்டுமில்லை, வெட்டும். சின்னக் கத்தி மாதிரி. தோலில் அது போடுகிற வெட்டு நூலைக் கவ்விக்கொள்ளும், தாங்கும். துணியில் அது ஒவ்வொரு குத்துக்கும் இழையை அறுத்துக்கொண்டே போயிருக்கிறது. அவளோ அப்பருக்குத் தைப்பதுபோல் நெருக்கி நெருக்கித் தைத்திருந்தாள். தையல் எவ்வளவு அழகோ, கிழிவதற்கு அவ்வளவு வசதி. அந்த ஊரில் தையல் தெரிந்த யாரைக் கேட்டிருந்தாலும் அதே ஊசியைத்தான் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். ஹலீமா பீ கையில் வைத்துத் தடவிப் பார்த்தாளே, அவளுக்கும் தோன்றவில்லை.

தபஸ்ஸும் தனியாகச் சிரித்தாள். பிறகு கூடத்துக்குப் போனாள்.

"காத்தும் இல்ல, துணியும் இல்ல. ஊசி. நான் ஏரிக்கு ஷூ தச்சு அனுப்பிட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பெரிய மச்சான்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. படகு உங்களுது. பாய் என்னுது. என் தையல் தோத்துப் போயி ஒரு சாமான் காயலான் கடைக்குப் போச்சுன்னு இருக்கக்கூடாது."

"எதுக்குப் படகுன்னு கேட்டவ நீ" என்றார் சமீருல்லா. தமிழில்.

"இப்பவும் அதத்தான் கேக்கறேன். ஆனா அது காயலான் கடைக்குப் போவாது."

மறுநாள் வேலை முடிந்து வேலூர் போய், பை தைக்கிற தையல்காரர்களுக்கு விற்கிற கடையில் உருண்டை முனை ஊசி வாங்கி வந்தாள். ஹலீமா பீயிடம் லைனிங் துணி சேர்க்கிற ஜிக்ஜாக் மெஷின் இருந்தது. ஞாயிறும் வேலைக்குப் பிந்தைய சாயங்காலங்களும் அது தபஸ்ஸுமுடையதாயிற்று. இந்தத் தடவை துணியின் ஓரங்களை அகலமாக ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, பெரிய பெரிய தையலாக, கோணல்மாணலாகப் போகவிட்டாள். ஒவ்வொரு தையலுக்கும் அவள் முகம் சுளித்தது.

"எங்க லைன்ல ஒரு பொண்ணு இப்பிடி தச்சா, மெஷினவிட்டு எழுப்பி அனுப்பிச்சிருப்பேன்" என்றாள்.

"கண்ண மூடிக்கினு தை" என்றாள் ஹலீமா பீ. "காத்துக்கு இன்னா தெரியும், எக்ஸ்போர்ட் குவாலிட்டியா லோக்கலான்னு?"

முதலில் ஒரு துண்டை மட்டும் தைத்து முற்றத்துக்குக் கொண்டுவந்தாள். சமீருல்லா ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை.

"குடு" என்று நாற்காலியிலிருந்து எழுந்தார் வக்கார் அகமது. "எப்பிடிக் கிழியுதுன்னு என் கண்ணால பாக்கணும்."

அண்ணனும் தம்பியும் சின்னப் பிள்ளைகள் மாதிரி காலை ஊன்றி இழுத்தார்கள். இரம் மாடியிலிருந்து சிரித்தாள். துணி கிழியவில்லை. வக்கார் அகமதுவின் செருப்புதான் வழுக்கியது. தரையில் உட்கார்ந்தவர், ஜிப்பாவில் ஒட்டிய கடுகு மஞ்சள் பெயிண்டைப் பார்த்துவிட்டு, துணியைத் திருப்பிப் பார்த்தார்.

"தையல் கேவலமா இருக்குது. ஆனா கெட்டி" என்றார்.

நிக்காஹ்வுக்கு முந்தின ஞாயிறு வந்தது. இந்தத் தடவை வக்கார் அகமதுவும் குடும்பத்தோடு வந்தார், தேக்சாவில் பிரியாணியோடு. கெலித்தாலும் தோற்றாலும் சாப்பிட்டுத்தானே ஆகவேண்டும் என்றார். தபஸ்ஸும் பர்தாவுக்கு மேலே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றாள். சமீருல்லா வழக்கம்போல் சுக்கான் பக்கம் உட்காரப் போனார்.

"அன்னிக்கு மாதிரி வேணாம்" என்றார் தனகோடி. "பேசறவரு கயித்தப் புடிக்கட்டும். பேசாதவங்க சுக்கானப் புடிக்கட்டும்."

கரையில் எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். சமீருல்லாவும்.

தனகோடி படகைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டார். அவள் தட்டுப் பலகையாக வைத்திருந்த பலகையைச் சமீருல்லா பிளவுக்குள் இறக்கினார். பாய் ஏறியது. கொஞ்ச நேரம் தளர்ந்து படபடத்தது. பிறகு வாடைக்காற்று வந்தது. பாய் ஒரு பக்கமாக உப்பி நின்றது. தபஸ்ஸும் காற்றைப் பார்க்கவில்லை, ஏரியைப் பார்க்கவில்லை, தையலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கோணல்மாணலான அந்தக் கோடு இழுபட்டு, விரிந்து, அப்படியே நின்றது. படகு சாய்ந்தது. அதன் அடியில் தண்ணீர் குழந்தை சிரிப்பதுபோல் சளசளவென்று ஓடத் தொடங்கியது. எஞ்சின் கிடையாது, டீசல் கிடையாது. அவர் சொன்னது சரிதான்.

அந்தப் படகு இப்போது தனகோடியின் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. முற்றம் காலியாகி, இரமின் நிக்காஹ் அங்கேதான் நடந்தது. வக்கார் அகமதுவும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். கரையில் கட்டிவைத்த படகில் ஏறி, இரண்டு கையாலும் இரண்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, போட்டோ எடுக்கிற நேரம் மட்டும் உட்கார்ந்தார். தண்ணீர் இருக்கிற மாதங்களில் புருஷனும் பெஞ்சாதியும் ஞாயிறானால் ஏரிக்குப் போய்விடுகிறார்கள். தண்ணீர் வற்றினால் பெயிண்ட் அடிக்க ஏதாவது இருக்கும். சமீருல்லா எப்படிப்பட்டவர் என்று கேட்பவர்களுக்குத் தபஸ்ஸும் லாரி வந்த சாயங்காலத்தைச் சொல்லி முடித்துவிட்டு, இதையும் சொல்வாள்.

படகு ஓடிய அன்று, கரை சின்னதாகிப்போன பிறகும் சமீருல்லா ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவள் பார்த்ததில்லை. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாய் கொஞ்சம் திறந்திருக்க, முன்னால் பார்த்தபடி இருந்தார். தூரத்தில் ஏரிக்கரைமேல் வெள்ளை ஜிப்பா ஒன்று கையை வீசிக் கத்திக்கொண்டிருந்தது. பிரியாணி ஆறிப்போகிறது என்பது மட்டும் காற்றில் அரைகுறையாகக் கேட்டது. அவள் சுக்கானைத் திருப்ப இருந்தாள். அப்போதுதான் அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"பய்யா இன்னும் கொஞ்சம் கத்தட்டும், தபஸ்ஸு" என்றார். "கரைக்கு இப்பவே திருப்பாத."